குமிஸும் கண் மாத்திரையும்

ஜூன் 11, சூசாமிர் மேய்ச்சல் வெளி

கண்ணழுத்தத்துக்கு டாக்டரம்மா கொடுத்த மாத்திரை உடம்பிலுள்ள நீரையெல்லாம் இறக்கிவிடுகிறது. கூடாரத்துக்கும் புதருக்கும் நடந்து நடந்து புல்லில் தடமே விழுந்துவிட்டது. "ஏண்டி, அங்க யாரையாவது ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்கிறார் எசெங்குல். கட்டின புருஷன் கேட்கிற கேள்வியா இது!

சிரித்தேன். பயமும் இருக்கிறது. வலது கண்ணில் ஓரப் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. "அடுத்த மாசம் ஆபரேஷன். அதுவரைக்கும் ஒரு வேளைகூட விடாதீங்க. போன பார்வை திரும்பாது" என்றார் டாக்டரம்மா.

ஜூன் 13

விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 14

குமிஸ் கெட்டுவிட்டது. குதிரைப்பால் புளித்தால் நாக்கைச் சுருக்கென்று கடிக்க வேண்டும். இது துருப்பிடித்த இரும்பை நக்கின மாதிரி செத்துக் கிடக்கிறது. இந்தக் கோடையில்தான் கடைகிற வேலையை மருமகள் ஜிபெக்கிடம் விட்டேன்.

"நீங்க சொன்ன மாதிரிதான் கடைஞ்சேன் அத்தை. எனக்கு நல்லாத்தானே இருக்கு."

"டவுன்ல வளர்ந்தவளுக்கு என்னடி தெரியும்?"

எசெங்குலும் நன்றாயிருக்கிறது என்கிறார். மருமகளுக்குப் பரிந்துகொண்டு வருகிறார், வேறென்ன? பிஷ்கெக்கிலிருந்து வைத்தியத்துக்குக் குமிஸ் குடிக்க ஆட்கள் வரப்போகிறார்கள். வருஷா வருஷம் என் நாக்கை நம்பி வருகிறவர்கள். என்ன செய்வேன்?

ஜூன் 16

கொட்டிவிட்டேன். தோல் பை முழுக்க, அடுத்ததுக்கு உறை ஊற்ற வைத்திருந்ததையும் சேர்த்து. பாலைத் தரையில் கொட்டுவது பாவம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். ஜிபெக் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

பையைக் கழுவிப் புகை போட்டு, பக்கத்துக் கூடாரத்தில் உறை வாங்கி வந்தேன். இந்த வயதில் நான் போய் உறை கேட்டு நிற்கிறேன்!

ஜூன் 19

ஜிபெக் மறுபடி கடைந்த புதிதும் அப்படியே. ஜிபெக் கடைச் சோடா பாட்டிலைத் திறந்து நீட்டினாள். நுரை பொங்குகிறது, வாயில் வைத்தால் அதே இரும்பு.

"சோடாவையும் நானா கடைஞ்சேன்?" என்றாள்.

மாத்திரை. அதை விழுங்க ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் இப்படி; நாக்கைக் கொன்றது அதுதான். அப்படியென்றால் நான் கொட்டியது நல்ல பால் —

நாளை மறுநாள் ஆட்கள் வருகிறார்கள். ருசி பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? இரண்டு நாள் விட்டால் கண் என்ன ஓடியா போய்விடும்? சாயங்கால மாத்திரையை விழுங்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

ஜூன் 21

நாக்கு திரும்பிவிட்டது. குமிஸ் கடிக்கிறது! நான் கடைவதைவிட — எழுதித்தான் ஆக வேண்டும் — நன்றாகவே இருக்கிறது. "அக்கா, உங்க கைப்பக்குவமே தனி" என்று வந்தவர்கள் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தார்கள். ஜிபெக் பக்கத்தில்தான் நின்றாள். அவள் செய்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இவர்கள் போகட்டும், மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாம். கண் கொஞ்சம் கனக்கிறது. ஒன்றுமிருக்காது. இருக்காதுதானே?

ஜூன் 22

விளக்கைச் சுற்றி வானவில் வளையம். கடவுளே.

ஜூலை 3, ஆஸ்பத்திரி

இன்றுதான் எழுத விட்டார்கள். வளையம் பார்த்த மறுநாள் விடிந்ததும் கண்ணுக்குள் ஆணி இறக்கின மாதிரி வலி, வாந்தி. குறையாத மாத்திரை அட்டையைப் பார்த்ததுமே ஜிபெக்குக்குப் புரிந்துவிட்டது. எசெங்குல் வண்டியை ஓட்ட, கணவாய் முழுக்க என் தலையை அவள் மடியில் வைத்திருந்தாள்.

"திட்டுடி" என்றேன்.

"கண்ணு சரியாகட்டும், மொத்தமா சேர்த்துத் திட்டுறேன்."

அவசர ஆபரேஷன். வலது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது. ஆள் தெரியவில்லை. டாக்டரம்மா சொன்னது சரிதான், போனது போனதுதான். ஐயோ, இரண்டு கிண்ணம் புகழ்ச்சிக்காகவா ஒரு கண்ணைக் கொடுத்தேன்?

ஜூலை 18, சூசாமிர்

இடது கண்ணிலும் அழுத்தம் இருக்கிறதாம். அதற்கு இலையுதிர் காலத்தில் ஆபரேஷன், அதுவரை மாத்திரை. இன்று ஆட்கள் வந்து, "அக்கா, குமிஸ் தயாரா?" என்றார்கள். "அவளைக் கேளுங்க. போன தடவை நீங்க குடிச்சதும் அவ கடைஞ்சதுதான்" என்றேன். ஜிபெக் ருசி பார்த்துவிட்டு, "இன்னும் ஆகலை, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

அப்புறம் என் உள்ளங்கையில் மாத்திரையை வைத்தாள். விழுங்கினேன். நகராமல் நின்றாள். மாமியார் நான் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.