ரோட்டோர வயலின் நாலு துண்டுகள்

அன்புள்ள ரெனே,

இங்கே நான், உன் அப்பா, நாய் மூவரும் சுகம். கொசுக்கள் எங்களைவிடச் சுகம். அலாஸ்காவின் குளிரில் நீ விரல்கள் பத்தும் முழுசாக வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். கடிதம் எழுதியதற்கு முதலில் மன்னித்துவிடு. மீன்பிடிப் படகில் உனக்குக் கடிதம் வந்தால் மற்றப் பையன்கள் பிடுங்கிச் சத்தமாகப் படிக்கிறார்கள் என்று போன தடவை சொன்னாய். நடுக்கடலில் போன் எடுக்காது, எடுத்தாலும் எனக்குப் போனில் பேச வராது, அதனால் வேறு வழியில்லை. படிக்கிற தம்பிகளுக்கும் என் வணக்கம், ஈரக் காலுறையோடு யாரும் தூங்காதீர்கள்.

இந்த வருஷம் நம் நெல்லின் கதையை உனக்குச் சொல்ல வேண்டும். மிஸ் யூலலியின் நிலத்தில் நம் குத்தகை இந்த வருஷத்தோடு முடிகிறது, தெரியும்தானே. அதன்மேல் உன் நார்ரிஸ் சித்தப்பாவுக்கு ஒரு கண். வெளியே சொல்வதில்லை, அண்ணனுக்கு முட்டி வலி பாவம் என்று மட்டும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மார்ச் மாதம் விதைப்புக்கு முன்னால் அவர் ஒரு பீப்பாய் நிறையக் கறுப்புத் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார். கடற்பாசியை ஊறவைத்த வளர்ச்சி ஊக்கியாம், தெளித்தால் நெல் குதிக்குமாம். திறந்தால் தூண்டில் இரை விற்கிற கடைக் குப்பைத்தொட்டி நாற்றம். சுத்தமான இயற்கைப் பொருள் என்று காட்ட எல்லாருக்கும் முன்னால் ஒரு கரண்டி குடித்தும் காட்டினார். அன்று மதியம் முழுக்க நம் வீட்டுக் கக்கூஸ் அவர் குத்தகையில் இருந்தது. உன் அப்பா அதைப் பார்த்தும் முழு நிலத்துக்கும் வாங்கத் தயாராகிவிட்டார். நெல் உலர்த்துமிடத்தில் காலையில் காபி குடிக்கிற ஆண்கள் எல்லாரும் நல்லது என்று சொன்னார்களாம், அவர்களில் ஒருவர்கூட வாங்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

நான் அந்தக் காபி மேசையில் வாய் திறந்ததில்லை. உனக்குப் பதினைந்து வயதில் நான் மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கி, நம் இரண்டு குடும்பத்திலும் முதல் ஆளாக ஒரு பட்டம் வாங்கினேனே, அதை அங்கே யாரும் சொல்லிக் காட்டுவதில்லை, கேட்டுக்கொள்வதுமில்லை. வீட்டுக்கு வந்து கழுவுகிற தட்டைப் பார்த்தபடி உன் அப்பாவிடம் சொன்னேன், அந்தத் தண்ணீருக்கு நெல் எது புல் எது என்று தெரியாது, களையை அடக்காமல் ஊட்டினால் களைதான் முதலில் சாப்பிடும் என்று. அவர் சிரித்துவிட்டு, சரி, ரோட்டோரத்து வயலை எடுத்துக்கொள், உன் காலேஜை அங்கே நடத்து, அதில் எப்படியும் ஒன்றும் விளையாது என்றார். நான் அதை நாலு துண்டாக்கி நடுவே வரப்பு போட்டேன். ஒன்றில் ஒன்றுமே செய்யவில்லை. ஒன்றில் ஊக்கி மட்டும், ஒன்றில் களைக்கொல்லி மட்டும், கடைசியில் முதலில் களைக்கொல்லி, களை செத்த பிறகு ஊக்கி.

தப்பு ஒன்று செய்தேன், ரோட்டை மறந்துவிட்டேன். நம் ஊரில் எவனும் வயலில் இறங்கிப் பார்ப்பதில்லை, வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே யார் நல்ல விவசாயி என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஊக்கி மட்டும் போட்ட துண்டில் ஜூன் மாதம் குதிரைவாலிப் புல் என் தோளுக்கு வந்துவிட்டது. அப்படி ஒரு செழிப்பான புல்லை நான் பார்த்ததே இல்லை, பரிசுக்கே அனுப்பலாம். நெல் அதன் காலடியில் கடன்காரனைப் போல ஒளிந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த மிஸ் யூலலி காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். "கொரின், என் புருஷன் கல்லறையிலகூட இதைவிடப் புல்லு கம்மி" என்றார். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கழுத்து வரைக்கும் சிவந்துபோய் நின்றேன், கார் போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலமே நார்ரிஸ் அவருக்கு ஒரு சட்டி கம்போ குழம்பு கொண்டுபோய்க் கொடுத்ததாகக் கேள்வி.

மறுநாள் உன் அப்பா புல் வெட்டுகிற இயந்திரத்தை டிராக்டரில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் போய் முன்னால் நின்றேன். நானா என்று கேட்காதே, எனக்கே ஆச்சரியம். "ஊரே சிரிக்குது கொரின், நிலம் போயிடும்" என்றார். "சிரிக்கட்டும். இப்ப வெட்டிட்டா ஊருக்குப் புல்லு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் உறுமவிட்டு டிராக்டரை அணைத்தார். அதற்குப் பிறகு அறுவடை வரை நாங்கள் பேசியதெல்லாம் உப்பு எங்கே, நாய் சாப்பிட்டதா என்பதுதான்.

ஆகஸ்டில் நாலு துண்டையும் தனித்தனியாக அறுத்து எடை போட்டோம். ஊக்கி மட்டும் போட்டதில் வந்தது, ஒன்றுமே செய்யாததில் வந்ததைவிடக் குறைச்சல். களைக்கொல்லி மட்டும் போட்டதில், ஒன்றுமே செய்யாததைப்போல இரண்டு பங்கு. இரண்டும் போட்டதில் அதற்கும் கொஞ்சம் மேலே, பொய் சொல்லக் கூடாது, அந்த நாற்றத் தண்ணீர் வேலை செய்யத்தான் செய்தது, தன் முறை வரும்வரை காத்திருந்த இடத்தில். அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு நார்ரிஸ் தானே ஜெயித்ததாக ஊரெல்லாம் சொல்லிவருகிறார். "பாத்தீங்களா அண்ணி, நான் அப்பவே சொன்னேன்ல" என்று என்னிடமே சொன்னார். நான் இன்னொரு கரண்டி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். உன் அப்பா சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வெளியே போய்விட்டது. அதிலிருந்து நாங்கள் பேசுகிறோம். காபி மேசையில் உன் அப்பா இப்போது களைக்கொல்லி முதலில், ஊக்கி அப்புறம் என்று தன் சொந்தக் கண்டுபிடிப்பைப் போல விளக்குகிறாராம். விளக்கட்டும்.

எடை போட்ட அன்று மிஸ் யூலலியும் வந்திருந்தார். முழுவதையும் கேட்டார், இந்தத் தடவை எனக்கு வார்த்தை வந்தது. கடைசியில் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார், "உனக்கு வயல் தெரியுது. உன் புருஷன் வில்ஃப்ரெட்டுக்கு முட்டி போச்சு. நான் கொடுத்தா பல வருஷத்துக்குத்தான் கொடுப்பேன், உங்களுக்கப்புறம் யாரு?" நார்ரிஸுக்கு இரண்டு மகன்கள், இரண்டு பேரும் இங்கேயே இருக்கிறார்கள், அதை அவர் சொல்லாமலே சொன்னார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நவம்பர் முதல் தேதி அனைத்துப் புனிதர் திருநாளுக்குப் புருஷன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்த பிறகு கையெழுத்து போடுவாராம்.

வெந்நீர் குடி. சம்பளத்தை எல்லாம் துறைமுகத்துச் சாராயக் கடையில் இறக்காதே. கடல் உன்னை முழுசாகத் திருப்பிக் கொடுக்கட்டும், மாதா துணை இருப்பாள், கம்போ வைக்கிற அன்று உன் பெயரைச் சொல்லி ஒரு கரண்டி கூடப் போடுகிறேன்.

இத்தனை பக்கம் சுற்றி வந்ததே இதற்குத்தான் ரெனே. நீ திரும்பி வந்து இந்த வயலில் இறங்குவாயா, மாட்டாயா? என்னைச் சந்தோஷப்படுத்த எழுதாதே. மாட்டேன் என்றால் மாட்டேன் என்று எழுது, நான் அழமாட்டேன், அழுதாலும் உனக்குத் தெரியாது. நீ வராவிட்டாலும் நான் போய் நிலத்தை என் பெயருக்கே கேட்கப்போகிறேன், ஆனால் மிஸ் யூலலியின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும். எவ்வளவு விதைக்குச் சொல்லி வைப்பது என்றும் எனக்குத் தெரிய வேண்டும். திருநாளுக்கு முன்னால் ஒரே வரி எழுதிப் போடு.

உன் அம்மா,
கொரின்