கழற்றக் கூடாத சக்கரங்கள்

அன்புள்ள சைக்கால்,

பூசானில் மழை தொடங்கியிருக்கும், நீ குடையை எங்காவது மறந்து வைத்திருப்பாய், மற்றபடி சௌக்கியமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே தலாஸில் என் முழங்கால் என்னோடு ஒத்துழைக்க மறுக்கிறது, உருளைக்கிழங்கு நன்றாக விளைந்திருக்கிறது, அடுத்த வீட்டுக்காரியின் மாடு நம் வேலியை மறுபடியும் சாய்த்துவிட்டது. நலம் என்ற ஒரு சொல்லை மட்டும் இந்த வாரம் எழுத மனம் வரவில்லை. தொலைபேசியில் சொல்ல முயன்றபோது நீ சிரித்தாய், "உனக்கு எதுலதாம்மா குத்தம் தெரியாது" என்றாய். ஆகவே எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்து அவ்வளவு சுலபமாகச் சிரிக்க முடியாது. மருமகள் பெகிமாய் இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். அவளுக்கும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீ உன் தம்பி எர்மெக்கின் பயணிகள் வண்டிக்கு அனுப்பிய அலாய் சக்கரங்கள் வந்து சேர்ந்தன. அழகானவை, மறுக்கவில்லை. எர்மெக் பழைய சக்கரங்களை அன்றைக்கே விற்றுவிட்டான். கடைச் சக்கரங்களின் நடுத்துளையைப் பல வண்டிகளுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாகவே வெட்டுகிறார்கள். நம் வண்டியில் சக்கரத்தை மாட்டும் ஹப்பின் நடுவே துருத்தியிருக்கும் வட்டமோ சிறியது. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் மையத்தில் உட்காராது. கூம்பு முகம் கொண்ட நட்டாக இருந்தாலாவது சக்கரத்தை ஓரளவு நடுவுக்கு இழுத்துப் பிடிக்கும். எர்மெக் பழைய சக்கரத்தின் தட்டை முக நட்டுகளையே போட்டு முறுக்கிவிட்டான். ஃப்ரூன்சே நகரில் ஐந்தாண்டு இயந்திரவியல் படித்து முப்பது ஆண்டு அதையே கற்பித்தவள் முற்றத்தில் நின்று இதைச் சொன்னால், "அம்மா, அஞ்சு துளைக்கு அஞ்சு போல்ட்டு சரியா இருக்கு, வேற என்ன வேணும் உனக்கு? அக்கா அனுப்புனது தப்பா இருக்குமா?" என்கிறான்.

இது மட்டுமென்றால் ஒரு வாரம் திட்டித் திட்டியாவது கழற்ற வைத்திருப்பேன். சம்பந்தி தோக்தோசுன் வந்தார். புதுச் சக்கரத்துக்கு ஆடு அறுத்தாக வேண்டும் என்றார், அறுத்தார். அதோடு விட்டாரா? சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லி, வால்கொழுப்பை எடுத்து ஹப்பிலும் போல்ட்டுகளிலும் வழிய வழியத் தடவி, திரும்ப மாட்டச் சொல்லி, முற்றத்தில் எல்லோரும் கையேந்தி நிற்க நீண்ட ஆசி வழங்கினார். ஆசி முடிந்ததும் வழக்கப்படி எல்லோரும் இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள், நானும்தான், விருந்தில் சண்டை போடக் கூடாதே. மலையிறக்கத்தில் பிரேக் சூடேறக் கொழுப்பு உருகி வழிந்தது. அது அடைத்திருந்த இடம் காலியானது, இறுக்கம் போயிற்று. போன வியாழக்கிழமை தோ-அஷூ கணவாயிலிருந்து பயணிகளோடு இறங்கும்போது முன்சக்கரம் ஆடி, நிறுத்திப் பார்த்தால் ஒரு போல்ட் முறிந்திருந்தது, இரண்டு நட்டுகள் விரலாலேயே சுற்றும் நிலையில் இருந்தன. உன் தம்பி என்ன செய்தான் தெரியுமா? ஸ்பானர்மேல் ஏறி நின்று மிதித்து இறுக்கிக்கொண்டு ஓட்டி வந்துவிட்டான். வந்து சொல்கிறான், "பாத்தியா, ஆசி இருந்ததாலதான் வண்டி நின்னுச்சு."

வளையங்களும் கூம்பு நட்டுகளும் புதுப் போல்ட்டும் நகரத்திலிருந்து வரவழைத்து வைத்திருக்கிறேன். கொழுப்பைச் சுத்தமாகத் துடைத்து, வளையத்தைப் பொருத்தி, குறுக்கு நெடுக்காக இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானரால் முறுக்கி, முதல் ஓட்டம் முடிந்ததும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஒரு காலை வேலை. அவன் தொட மாட்டான். ஆசி பெற்றதை அந்த ஆண்டுக்குள் கழற்றினால் ஆசி கழன்றுவிடுமாம். அவன் உறங்கும்போது நானே முயன்றேன், அவன் மிதித்து இறுக்கியது என் கைக்கு அசையவில்லை. கடைசியில் சம்பந்தி வீட்டுக்கே போனேன். கடவுளைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் அவர் எதிரே உட்கார்ந்து, கழற்றுவதற்கும் ஓர் ஆசி கொடுங்கள் என்று கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார். "படிச்ச சம்பந்தியம்மா, ஆசி என்ன சட்டையா, உள்பக்கம் வெளிப்பக்கம் திருப்பிப் போட? தேநீர் ஆறுது, குடிங்க" என்றார். குடித்தேன். வேறென்ன செய்வது.

வருகிற சனிக்கிழமை அந்த வண்டியில் பெகிமாய் போகிறாள். குழந்தை தலைகீழாகத் திரும்பவில்லை, பிரசவத்துக்கு நகர மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். வேறு வண்டி பிடிக்கலாம் என்றேன். ஆசி கொடுத்தவர் அவள் அப்பா. அவர் மகளே அந்த வண்டியில் ஏறவில்லை என்றால் ஊரில் அவர் முகம் என்னாகும் என்று எர்மெக் கத்தினான். அவள் என்னிடம் தனியே, "அத்தை, அப்பாவையும் பகைக்க முடியல, இவரையும் பகைக்க முடியல, நான் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துக்குறேன்" என்றாள். எனக்கு நம்பிக்கை வற்றிவிட்டது, சைக்கால். இதற்குமேல் பேசினால் அவன் சனிக்கிழமைக்குப் பதிலாக வெள்ளிக்கிழமையே கிளம்பிவிடுவான்.

ஒரு வழிதான் மிஞ்சியிருக்கிறது, அதை உன்னிடம் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, கேட்கிறேன். சக்கரங்கள் உன் பரிசு. கொடுத்தவள் திருப்பிக் கேட்டால் எந்த ஆசியும் அதைப் பிடித்து வைக்க முடியாது. சம்பந்தியே மறுக்க மாட்டார். தம்பிக்குத் தொலைபேசி செய்து, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், இப்போதே கழற்றி வை என்று சொல். பழையவற்றைத்தான் விற்றுவிட்டானே, சக்கரமில்லாத வண்டி முற்றத்திலேயே நிற்கும், பெகிமாய் வேறு வண்டியில் போவாள். காரணம் சொல்லாதே, சொன்னால் என் பெயர் வரும், பிடிவாதம் ஏறும். நம்மவர்களிடையே கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்கும் அக்காவுக்கு என்ன பெயர் என்பது உனக்குத் தெரியும். அவன் உன்னோடு ஆண்டுக்கணக்கில் பேச மாட்டான், உன் பெயரைச் சொன்னால் சாப்பாட்டை விட்டு எழுந்து போவான், குழந்தைக்குப் பெயர் வைக்கும் விருந்துக்கு உன்னைக் கூப்பிட மாட்டான். உன்னை வெறுக்க அவன் உயிரோடு இருப்பான். எனக்கு அது போதும். உனக்குப் போதுமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு, நோய்நொடி உன்னை அண்டாதிருக்கட்டும். ஆசி எனக்கு இவ்வளவுதான் வரும். வெள்ளிக்கிழமை மாலை அவன் வண்டி கழுவ முற்றத்துக்குப் போவதற்கு முன் கூப்பிடு. அவன் கத்துவான், கத்தி முடிக்கும்வரை போனை வைக்காதே.

உன் அம்மா,
புருல்கான்