பார்க்காமல் எழுதிய பதினோரு நாள்

மினசோட்டா,
மார்ச் 9

அன்பு மகள் சிக்ரிட்டுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் அந்த நியூசிலாந்து வெயிலில் நலமாக இருப்பீர்கள் என்றே நம்பிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, குறைந்ததை ஒப்புக்கொள்ளத்தான் மனமில்லை. எனக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது, அதனால் வீட்டில் சண்டை குறைவு. உலகம் சூடாவது இயற்கையாலா மனிதனாலா என்று உன் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடப் போகிறார்கள், அப்பா வானிலை அலுவலகத்துக்காகத் தினமும் வெப்பமானி பார்த்து எழுதும் நோட்டுகளின் நகலை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். நகல் எடுத்துக் கட்டி வைத்தாயிற்று, டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட், உங்கள் ஊர் செல்சியஸுக்கு நீயே மாற்றிக்கொள். ஆனால் அதில் ஒரு பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் அனுப்ப எனக்குக் கை வரவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

உன் பிள்ளைகள் செய்யப் போவதை இங்கே கிழடுகள் நாங்கள் போன மாதமே செய்து முடித்தோம். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் கொலீன் அங்கே ஏற்பாடு செய்த குளிர்காலக் கூட்டம். இயற்கைக் கட்சிக்கு ஏரிக்கு அந்தப் பக்கத்து வெண்டல் மாமா, மனிதன் கட்சிக்கு நான். வெண்டல் நன்றாகவே பேசினான், பொய் சொல்வானேன். சூரியன் என்ன ஒரே சீராகவா எரிகிறது, எரிமலை வெடித்தால் ஊரே குளிர்கிறது, கடல் ஒரு வருடம் சூட்டை விழுங்கி மறு வருடம் கக்குகிறது, நம் ஏரியையே ஒரு பனிப்பாறை தோண்டிவிட்டு உருகிப் போயிருக்கிறது, "அதை உருக்க எவன்டா டிராக்டர் ஓட்டுனான்?" என்று கேட்டான். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். இயற்கைக் காரணங்கள் எல்லாம் உண்மைதான், ஆனால் அவற்றை அளந்து பார்த்தவர்கள் இந்த ஐம்பது வருடச் சூட்டுக்கு அவை போதவில்லை என்கிறார்கள், நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் மேலே அனுப்பியதையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகிறது என்று நான் சொன்னேன். உடனே வெண்டல், சூடான பிப்ரவரி அந்தக் காலத்திலும் உண்டு, உறைந்த ஏரி மேல் ஓட்டிய தன் பிக்கப் வண்டி பனி உடைந்து உள்ளே போனது அப்படி ஒரு பிப்ரவரியில்தான் என்று வருடத்தையும் வாரத்தையும் சொன்னான். கொலீன் என் நோட்டைப் புரட்டி அந்த வாரத்தை உரக்க வாசித்தாள். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு, கீழே பத்தொன்பது, கீழே இருபத்தாறு. பின்வரிசையிலிருந்து ஹார்லன், "வெண்டல், வண்டி மூழ்குனது ஏரியிலயா, உன் பீர் கிளாசுலயா?" என்றான். சிரிப்பு அடங்கவே இல்லை. வெண்டல் என்னை ஒரு தடவை பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். கை தூக்கச் சொன்னார்கள், என் கட்சி ஜெயித்தது.

சிக்ரிட், அந்தப் பக்கம் பொய். அந்த பிப்ரவரியில் உனக்கு நாலு வயது, மூளைக் காய்ச்சல். தொண்ணூறு மைல் தள்ளி இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் நானும் அம்மாவும் பதினோரு நாள் இருந்தோம். வெளியே பனியா மழையா என்று நான் ஜன்னலைக்கூடப் பார்க்கவில்லை, நர்ஸ் உன் அக்குளிலிருந்து எடுக்கும் வெப்பமானி ஒன்றைத்தான் பார்த்தேன். நீ பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு நோட்டில் பதினோரு வரி காலியாகக் கிடந்தது. பார்க்கவில்லை என்று எழுத வேண்டும், அதுதான் விதி. ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வரி விட்டதில்லை என்ற என் வீம்பு விடவில்லை. சமையலறை மேஜையில் உட்கார்ந்து, பிப்ரவரி என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்தேனோ அப்படியே நிரப்பிவிட்டேன். கொலீன் இரண்டாவது எண்ணை வாசிக்கும்போதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஜெயித்துக்கொண்டிருந்தேன், அதனால் வாயைத் திறக்கவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா, "அந்தப் பதினோரு நாளும் நம்ம மாட்டைக் கறந்தது யாரு, ஆர்டன்?" என்று மட்டும் கேட்டாள். வெண்டல்தான் கறந்தான். நான் ஊரில் இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சிரிப்பு முழுக்க என் பக்கம் திரும்பியிருக்கும்.

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஏன்டா சும்மா இருந்தாய் என்று கேட்டேன். முட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "உன் பொண்ணு உசுருக்கு ஊசலாடுன வாரம்டா அது. அதை எடுத்து வச்சு நான் ஒரு வாதத்துல ஜெயிக்கணுமா?" என்றான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காப்பிக்குக் கூடியிருந்தபோது எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். பிறகு ஹார்லன் தன் தட்டிலிருந்த டோனட்டைக் கொண்டுபோய் வெண்டல் முன் வைத்தான், நம் ஊரில் மன்னிப்பு கேட்பது அப்படித்தானே. வானிலை அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டேன், வெப்பம் பார்த்து எழுதுகிறவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். வந்த பதிலை இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அந்த வாரம் சுற்றுவட்டாரத்து மூன்று நிலையங்களில் நாற்பது, நாற்பத்தொன்று என்று பனி உருகும் சூடு, என் நோட்டில் மட்டும் கடுங்குளிர், அதனால் அந்தப் பதினோரு எண்களையும் அப்போதே சந்தேகம் என்று குறித்து ஒதுக்கிவிட்டார்களாம். முப்பத்தாறு வருடமாக என் பொய்யை நம்பியது நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது.

ஆகவே உன் பிள்ளைகளிடம் சொல், வெண்டல் மாமா சொன்ன சூடான பிப்ரவரி நிஜம். ஒரு வாரத்தை வைத்துக்கொண்டு எந்தக் கட்சியும் ஜெயிக்க முடியாது, அதனால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எல்லா நோட்டையும் எண்ணிப் பார்த்தோம், என்னை நம்ப முடியாது என்று அவன் பூதக்கண்ணாடி பிடித்து வாசித்தான், நான் எழுதினேன். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்தைத் தாண்டிய இரவுகள் முதல் பத்துக் குளிர்காலத்தில் நூற்று நாற்பத்திரண்டு, கடைசிப் பத்தில் அறுபத்தொன்று. பகல் சூடும் கூடியிருக்கிறது, ஆனால் இரவுச் சூடு கூடியது அதைவிட அதிகம். சூரியன் கூடுதலாக எரிவதுதான் காரணம் என்றால் பகல்தானே முந்த வேண்டும், இரவு முந்துகிறது என்றால் நாம் மேலே அனுப்பிய புகைப் போர்வை கனத்துவிட்டது என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன். வெண்டல் தாடையைச் சொறிந்தான். இருக்கலாம் என்றான். அவன் இருக்கலாம் என்று சொல்வது மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். ஆனால் மேகம் கூடினாலும் இரவு சூடாகத்தானே இருக்கும், மேகம் ஏன் கூடுகிறது, அது இயற்கையா நாமா என்று திருப்பிக் கேட்டான். உன் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியாரைக் கேட்டு எழுது, இரண்டு பேருமே தெரிந்துகொள்ளத் துடிக்கிறோம்.

எண்ணி முடித்த அன்று இன்னொன்றும் கேட்டேன். பனியைப் பற்றி இவ்வளவு தெரிந்தவன், நாற்பத்தொன்று சூட்டில் எதற்குடா ஏரி மேல் வண்டி ஓட்டினாய், மீன் அவ்வளவு முக்கியமா என்றேன். மீன் பிடிக்கப் போனதாகத்தானே ஊர் முழுக்கச் சொல்லியிருந்தான். நோட்டை மூடி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "சுத்திப் போற ரோட்டுல பாலத்து மேல தண்ணி ஓடுச்சு. உங்க கொட்டாய்ல தீவனம் வேற தீந்து போச்சு, மூட்டைய முதுகுலயா தூக்கிட்டு வர முடியும்? கறக்காத மாடுங்க கத்துறது என் வீடு வரைக்கும் கேட்டுச்சுடா." ஓடை வந்து சேரும் இடத்தில் பனி உடைந்திருக்கிறது. வண்டியிலிருந்து குதித்து, நனைந்த கால்சட்டையோடு மிச்ச தூரத்தை நடந்து வந்து, நம் மாடுகளைக் கறந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டானாம். அந்த வண்டியைச் சொல்லி ஊரே அவனைக் கேலி செய்தது, எல்லாரையும்விட அதிகம் செய்தது நான். உன் கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னேனே, நீயும் சிரித்தாய், அவனும் சிரித்தான்.

நகலில் அந்தப் பதினோரு வரியையும் அடித்துவிட்டு, பார்க்கவில்லை என்று சிவப்புப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். வாதத்தில் உன் பிள்ளைகள் எந்தக் கட்சி ஜெயித்தது என்று எழுது, யார் மனம் மாறியது என்பதையும் எழுது. கர்த்தர் உங்கள் எல்லாரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். எனக்கு பதில் எழுதுவதற்கு முன்னால் வெண்டல் மாமாவுக்கு ஒரு கடிதம் எழுது. எழுத்தைப் பெரிதாக எழுதம்மா, அவனுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, வேறு யாரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறவனும் இல்லை.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
ஆர்டன் ட்வெய்ட்