பனிமூட்டத்தில் பன்னிரண்டு நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று டிவி கார்ட்டூனில் ரிகுவுக்கு இரண்டு எபிசோடு டப்பிங் பேசி முடித்தேன். நாற்பத்தாறு வயதில் எட்டு வயதுப் பையனாக ஒரு மரத்திலிருந்து விழுந்தேன், ஒரு குளத்தில் விழுந்தேன், மூன்றாவதாக எதில் விழுந்தேன் என்று ஞாபகமில்லை. தொண்டை கட்டிவிட்டது. வீட்டில் இரக்கம் ஏதாவது உண்டா? "பையன் இன்னிக்கும் அடிபட்டுட்டு வந்திருக்கானா?" என்று கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்துவிட்டார். கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் இதுதான்.

கிளம்பும்போது டப்பிங் டைரக்டர் நிறுத்தினார். ரிகுவின் கதை மறுபடி முழுநீளப் படமாக வருகிறதாம். ஜப்பானில் இந்தத் தொடர் ஆரம்பித்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. நாங்கள் தமிழில் பேச ஆரம்பித்தே பதினெட்டு வருஷம். போன படம் வந்து ஏழு வருஷம். அந்தப் படத்தின் கடைசி நாள் என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியும். அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் வெந்நீர் பிளாஸ்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மார்ச் 4, புதன்

தூக்கம் சரியில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் நானே மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

ரிகுவுக்கு ஒரு துணை உண்டு. மொபு. கரடிக்கும் மேகத்துக்கும் பிறந்த மாதிரி ஒரு பெரிய பஞ்சு உருண்டை. ரிகு எங்கே போனாலும் பின்னாலேயே உருண்டு வரும். அந்த மொபுவுக்குக் குரல் என் அண்ணன்.

போன படத்தின் கடைசி நாள். அவனுக்குக் காலை வேலை, எனக்கு மதியம் ஒரு மணியிலிருந்து. ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவனுக்குப் போன் வந்தது. அப்பாவுக்கு இன்று தாண்டாது, உடனே வாருங்கள் என்று. அவன் என்னிடம் சொல்லவில்லை. நான் உள்ளே போய் ரிகுவாகச் சிரித்தேன். படத்தின் கடைசிக் காட்சி முழுக்கச் சிரிப்புதான், மூன்று மணி நேரம் சிரித்தேன். நாலு மணிக்கு அப்பா போய்விட்டார். ஆறு மணிக்கு நான் வெளியே வந்தபோது அண்ணன் நின்றுகொண்டிருந்தான். "ரெக்கார்டிங் முடியட்டும்னு சொல்லல" என்றான்.

அன்றோடு சரி. ஏழு வருஷமாக அவனோடு பேசவில்லை. அண்ணியின் போனையும் எடுக்கவில்லை. எங்கள் தொழிலில் இது ஒரு சௌகரியம். ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து பேசிவிட்டுப் போகலாம். அவனுக்குத் திங்கள், எனக்குச் செவ்வாய். ஸ்டூடியோக்காரர்கள் பார்த்துப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

ஆனால் அவன் பேசியதைக் காதில் கேட்டுக்கொண்டுதானே நான் பதில் பேச வேண்டும்? வாரா வாரம், ஹெட்ஃபோனில், "எங்கடா போயிட்ட ரிகு, பயந்தே போயிட்டேன்" என்று என் அண்ணன் என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். நானும் "இதோ இருக்கேன் மொபு" என்று கொஞ்சிக்கொண்டுதான் இருக்கிறேன். இதைவிடக் கேவலமான ஒரு சண்டையை உலகத்தில் யாராவது போட்டிருப்பார்களா?

மார்ச் 6, வெள்ளி

படத்தைப் பார்த்தேன்.

எப்படி எழுதுவது? குழந்தைப் படம்தானே என்று கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தவள் நான். பத்தாவது நிமிடத்தில் கால் தானாகக் கீழே இறங்கிவிட்டது.

மழை பிறக்கிற நாட்டைத் தேடிப் போகிறார்கள் இருவரும். ஊரில் மழை நின்று மூன்று வருஷமாகியிருக்கிறது. ஒரு வறண்ட கிணற்றுக்குள் இறங்கினால், கீழே போகப் போக, அது மேலே ஏறுகிற படிக்கட்டாகிவிடுகிறது. எந்த இடத்தில் தலைகீழானது என்று மூன்று முறை ஓட்டிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. மேலே ஒரு காடு நடந்து போகிறது. மரங்கள் வேரைத் தூக்கித் தூக்கி வைத்து, தூங்குகிற குஞ்சுகளை எழுப்பிவிடாமல் மெதுவாக நடக்கின்றன. அப்புறம் ஒரு மழைத்துளி, திரை முழுக்க ஒரே துளி. அதற்குள் ரிகுவின் ஊர் முழுவதும் தெரிகிறது, கொடியில் காய்கிற துணி உட்பட. அந்தத் துணி ஆடுகிறது! எவனோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து அதைக் கையால் வரைந்திருக்கிறான்.

கடைசியில் பனிமூட்டப் பள்ளத்தாக்கு. வெறும் வெள்ளை. இசை கிடையாது. ரிகுவும் மொபுவும் ஒருவரை ஒருவர் தொலைத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு நிமிடம் குரலை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். ஒருவர் கூப்பிட்டால்தான் மற்றவருக்கு ஓரடி நிலம் முளைக்கும். கூப்பிடாமல் நின்றால் காலடியில் இருப்பதும் கரைந்துவிடும்.

விளக்கைப் போட்டபோது டைரக்டர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்திருக்கவே மனசில்லை. பதினெட்டு வருஷமாக இந்தப் பையனாக இருந்திருக்கிறேன், இவ்வளவு பெரிய உலகத்துக்குச் சொந்தக்காரன் என்று தெரியாமலே.

மார்ச் 9, திங்கள்

இடி.

பள்ளத்தாக்குக் காட்சியை மட்டும் தனித்தனியாக எடுக்கக் கூடாதாம். எந்த மொழியானாலும் ரிகுவும் மொபுவும் ஒரே அறையில் நின்று பேச வேண்டும் என்று ஜப்பானில் படத்தை எடுத்தவர் நிபந்தனை போட்டிருக்கிறாராம். ஒருவர் மூச்சு மற்றவரின் மைக்கில் விழ வேண்டுமாம். அண்ணன் பேசிவிட்டுப் போன பிறகு என்னை வரவழைத்து, டைரக்டர் காகிதத்தைக் காட்டி, "நான் என்னம்மா பண்றது" என்றார்.

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

முடியாது என்றால் முடியாதுதான்.

மார்ச் 12, வியாழன்

வேறு ஒரு பெண்ணை வைத்து ரிகுவுக்குக் குரல் சோதனை எடுத்திருக்கிறார்கள். டைரக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். நல்ல மனுஷர். அந்தப் பெண் நன்றாகத்தான் பேசுகிறாளாம். படத்தில் ஒரு குரல், டிவியில் ஒரு குரல் என்று வைக்க மாட்டார்கள், படத்தை விட்டால் தொடரும் போய்விடும். சனிக்கிழமைக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

என் ரிகுவை இன்னொருத்தி பேசுவாளா? நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அந்த அறையில் அவன் பக்கத்தில் எப்படிப் போய் நிற்பது? அப்பா மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என்னைச் சிரிக்கவிட்டு வேடிக்கை பார்த்தவன். தான் மட்டும் போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். என்னால் முடியுமா?

வீட்டில் அவரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "எனக்கு உங்க அண்ணன் வேணாம், ரிகுதான் வேணும். பதினெட்டு வருஷமா வளர்த்த பிள்ளைய யார்கிட்டயோ விட்டுட்டு வந்தா நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ, அத தினம் பாக்கப் போறது நான்தானே" என்றார். கோபத்தில் தட்டை டங்கென்று வைத்தேன். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, அந்தக் கோபம்தான்.

மார்ச் 14, சனி

சரி என்று சொல்லிவிட்டேன். ரிகுவுக்காக மட்டும். அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன், மைக்கைப் பார்ப்பேன், பேசுவேன், வருவேன்.

மார்ச் 18, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

நான் போனபோது அவன் உள்ளே இருந்தான். முடி முழுக்க நரைத்துவிட்டது. இந்த ஏழு வருஷத்தில் குரல் மட்டும் நரைக்கவே இல்லை, அதனால் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இரண்டு மைக், நடுவில் நாலடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர். நான் நேராக என் மைக் முன்னால் போய் நின்றேன்.

காட்சி ஓடியது. திரை வெள்ளையாகிவிட்டது. மொபு கூப்பிட்டது.

அம்மாடி. ஹெட்ஃபோனில் கேட்பது வேறு, பக்கத்தில் நின்று கேட்பது வேறு. ஒல்லிக்குச்சி மனுஷன், செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கிருந்தோ அவ்வளவு பெரிய பிராணியை வரவழைக்கிறான். தரை அதிர்ந்தது என் உள்ளங்காலில் தெரிந்தது. முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று போனவள் வாயைப் பிளந்துகொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இப்படித்தான் பேசுவானா இவன்? பதினெட்டு வருஷமாக இப்படியா?

நான் கூப்பிட்டேன். அவன் பதில் சொன்னான். திரையில் ஓரடி நிலம் முளைத்தது. மறுபடி கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் காகிதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மொபுவின் குரல் தூரத்தில் போய், தேய்ந்து, நின்றுவிடுகிற இடம் வந்தது. ரிகு கடைசி முறையாகக் கத்த வேண்டும். "மொபு" என்று.

நான் "அண்ணா" என்று கத்திவிட்டேன்.

ரிகு குரலில் இல்லை, என் குரலில்.

காட்சி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் மொபுவாகப் பதில் சொல்ல வேண்டிய இடம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டைரக்டர் தொண்டையைச் செருமும் சத்தம். "டேக் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. ஆனா பேர் சொல்லணும்" என்றார். பனிமூட்டத்தில் ரிகுவின் வாய் தெரியாது, எந்த வார்த்தையை வைத்தாலும் பொருந்தும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் அது எங்கள் சங்கதி, ரிகுவுடையது இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தோம். இரண்டாவது முறை பெயரைச் சரியாகச் சொன்னேன்.

முடிந்து வராந்தாவுக்கு வந்தோம். ஏழு வருஷமாக வைத்திருந்த கேள்வி. வெறும் மூன்று வார்த்தை.

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

அவன் ஸ்டூடியோக் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ரெக்கார்டிங்குக்காகன்னு சொன்னது பொய். சொல்லத்தான் வந்தேன். இந்தக் கதவு வரைக்கும் வந்தேன். உள்ள நீ சிரிச்சிட்டிருந்த. திரும்பிப் போயிட்டு மறுபடி வந்தேன், அப்பவும் சிரிச்சிட்டிருந்த. எனக்கு வாய் வரல. பயந்துட்டேன், அவ்ளோதான்."

"அப்பா பக்கத்துலயாவது நீ இருந்தியே" என்றேன். குத்த வேண்டும் என்றுதான் சொன்னேன்.

"நான் எங்க இருந்தேன்? இங்கதான் நின்னுட்டிருந்தேன், ஆறு மணி வரைக்கும். உங்க அண்ணிதான் அப்பாகூட இருந்தா."

நான் கணக்கு வாத்தியாரின் மனைவி. ஒரு மணிக்குப் போன், நாலு மணிக்கு அப்பா, ஆறு மணிக்கு வாசலில் அண்ணன். இந்த மூன்றையும் ஏழு வருஷமாகத் தினம் எண்ணியிருக்கிறேன். நடுவில் ஐந்து மணி நேரம் அவன் எங்கே இருந்தான் என்று ஒருமுறைகூட எண்ணவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருப்பான் என்று நானே எழுதிவைத்துக்கொண்டேன். அவனும் அப்பாவைப் பார்க்கவில்லை. கதவுக்கு உள்ளே நான், வெளியே அவன்.

"தப்பு என்னோடதுதான்" என்றான்.

"ஆமா, தப்புதான்" என்றேன். அது தப்புதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அழுகை வந்துவிட்டது, அவனுக்கும்தான். சவுண்ட் இன்ஜினியர் கதவைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 19, வியாழன்

அண்ணி போன் செய்தாள். எடுத்தேன். அப்பா கடைசியில் எப்படி இருந்தார் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் சொன்னாள். தூக்கத்திலேயே இருந்தாராம்.

மே 8, வெள்ளி

படம் இன்று வெளியானது. தியேட்டர் முழுக்கப் பொடிசுகள். பள்ளத்தாக்குக் காட்சியில் திரை வெள்ளையானதும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்புறம் முன்வரிசையில் ஒரு வாண்டு, மொபுவுக்குக் கேட்கவில்லை என்று நினைத்ததோ என்னவோ, "மொபு!" என்று கத்தியது. இன்னொன்று கத்தியது. பிறகு தியேட்டரே கத்தியது. இருநூறு குழந்தைகள், யாரும் சொல்லிக் கொடுக்காமல், தொலைந்த ஒரு பஞ்சு உருண்டையை வரவழைக்கிறார்கள். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என் குரலே எனக்குக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன?

பக்கத்து நாற்காலியில் மொபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அண்ணி. இந்தப் பக்கம் கணக்கு வாத்தியார் வாயைத் திறந்தபடி.

மே 19, செவ்வாய்

இனிமேல் இருவருக்கும் செவ்வாய்க்கிழமை பத்து மணி. டைரக்டர் எங்களைக் கேட்காமலே மாற்றிவிட்டார். அண்ணன் பத்தே முக்காலுக்கு வருகிறான், அதுவும் சிரித்துக்கொண்டே! வாசலிலேயே பிடித்து, முக்கால் மணி நேரம் ஒருத்தி காத்துக்கொண்டிருப்பது தெரியாதா, ஒரு போன் செய்தால் என்ன, அதற்குக்கூடவா வாய் வராது என்று நன்றாகத் திட்டினேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

"இனிமே சொல்லிடறேன்" என்றான். உள்ளே போய்ப் பேச ஆரம்பித்தோம்.