ஜெயில் சாப்பாடு

பெங்களூர், 9-3-1958

ஸ்டெல்லாவின் அம்மாவுக்கு,

ஜெயிலிலிருந்து எழுதுகிறேன். கிழித்துப் போடுமுன் ஒருமுறை படி.

பதினெட்டு பவுண்டு குறைந்துவிட்டேன். தொந்தி வற்றி, நிஜார் இடுப்பில் நிற்பதில்லை. "வெள்ளைச் சோத்த விடு, சலிக்காத ராகி மாவும் கீரையும் சாப்பிடு, சீக்கிரம் பசிக்காது, உடம்பு எளைக்கும்" என்று டாக்டர் சொன்னது நிஜம்தான். நீ அதை நம்பி, ஆஸ்டின் டவுன் மிஷினில் ராகி அரைத்துவந்து, தவிட்டோடு களி கிண்டினாய்.

நான்தான் கத்தினேன். "இன்னாடி, என்னை ஜெயில் கைதின்னு நெனச்சியா? களி போடறே?"

அப்புறம் நடந்ததைப் பக்கத்து வீட்டு மௌரீன் கோர்ட்டில் சொன்னாள். கொதிக்கிற களியைச் சட்டியோடு உன் முகத்தில் கவிழ்த்ததை, விழுந்து துடித்தவளை உதைத்ததை. நான் எதையும் மறுக்கவில்லை.

இங்கே தினமும் களிதான். ஆறிப்போய்த்தான் வரும். நேற்று மட்டும் அடுப்பிலிருந்து நேராக வந்தது. விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினேன், போகவில்லை. பிய்த்தேன், தோலோடு வந்தது.

எனக்கு அது ஒரு விரல்தான்.

இப்படிக்கு,
உனக்கு முகம் காட்ட முடியாதவன்