அழுக்குக் கை, சுத்தக் கை

எங்கள் ஆய்வகத்தை மாடிக்கு மாற்றுகிறார்கள். அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்தபோது உன் பச்சைத் துப்பட்டா கிடைத்தது. ஒரு உறைக்குள் இன்னொரு உறை, இரண்டும் இறுக்கி மூடியபடி. மேல் உறையில் உன் கையெழுத்து: "தொறக்காத. தொறந்தா நீதான் தோய்க்கணும்."

மடிப்புக்குள் உன் தலை எண்ணெய் வாசனை இன்னும் இருக்கலாம். பிரித்து மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். விரல்கள் உறையின் ஓரம் வரை போய் நின்றுவிட்டன. அந்தத் துணியில் ஏறியிருக்கும் பாதரச ஆவிக்கு வாசனை கிடையாது. வாசனைக்காகத் திறந்தால் வாசனையில்லாததும் சேர்ந்துதான் வரும். உறையை மடியில் வைத்துக்கொண்டேன்.

நாம் முதன்முதலாகக் குன்றுக்குப் போன நாள் நினைவுக்கு வந்தது. ஊத்துக்கோட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ. பிறகு புதர்க்காட்டுக்குள் நடை. உச்சியில் ஒரு கம்பம், அதில் கவிழ்த்த கிண்ணம், கிண்ணத்தின் அடியில் கரித்தூள் அடைத்த சின்ன டப்பா. காற்றிலிருக்கும் பாதரசத்தை அந்தக் கரி மாதக்கணக்கில் சிறுகச் சிறுகப் பிடித்து வைக்கும். போகும் வழியில், நம் பையிலிருந்த கிண்ணத்தை ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா அது, குருவிக்குத் தண்ணி வைக்கவா?"

"காத்துல கீற பாதரசத்தப் புடிக்கப் போறோம்ணா" என்றாய்.

"அதுக்கு மல மேலயா போவாங்க? கும்மிடிப்பூண்டியாண்ட போய்ப் புடி. மூட்ட மூட்டயாக் கெடைக்கும்."

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. உன் வீடு கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டை மதிலுக்குப் பின்னால் இருந்தது.

புகைபோக்கி எதுவும் இல்லாத இடத்தில்தான் எல்லோருக்கும் பொதுவான காற்றை அளக்க முடியும். எங்கோ எரித்த நிலக்கரியின் பாதரசம் மாதக்கணக்கில் மிதந்து, கடல் தாண்டி, யாருமில்லாத குன்றுக்கும் வந்து சேர்கிறது. தனியாக இருக்கும் இடம் என்று ஒன்று உலகத்தில் இல்லை என்பது எனக்கு அந்த வேலையில்தான் புரிந்தது. உனக்கு அது முன்பே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

டப்பாவை மாற்ற எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கம்பத்தையும் பையையும் வெளி உறையையும் தொடலாம். அவர் அழுக்குக் கை. மற்றவர் உள் உறையையும் டப்பாவையும் தவிர எதையும் தொடக்கூடாது, மூக்கு அரித்தாலும் சரி. அவர் சுத்தக் கை. திட்டத்தின் அதிகாரி நம் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைச் சுத்தக் கை என்றார், உன்னை அழுக்குக் கை என்றார். என் வீட்டில் நெல்வயல் இருப்பதும், அப்படிப்பட்ட வயல்களில் உன் தாத்தா கூலிக்கு நின்றதும் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

குன்றின் மேல் வெளி உறையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "நான் தொட்டுட்டேன். நீ உள்ளத எடுத்துக்கோ" என்றாய். அதுதான் வேலையின் முறை. பிறகு மெதுவாக, "சயின்ஸ்லயும் எனக்கு இதான் வருதாடி?" என்று கேட்டாய். கேலிதான். ஆனால் கேலி மட்டும் இல்லை.

"அடுத்த வாட்டி நான் அழுக்கு" என்றேன்.

"மறந்துடுவ."

"மாட்டேன்."

அன்றிலிருந்து ஒரு முறை நீ, ஒரு முறை நான்.

உன் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது நீ நைனா என்று கூப்பிடும் உன் அப்பா எனக்கு டீ கொண்டுவந்தார். பாதி வழியிலேயே கால் டம்ளர் கீழே சிந்திவிட்டது. கை அப்படி நடுங்கியது. வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர், "இன்னாபா, காலைலயே ஊத்திக்கினியா?" என்றார். உன் நைனா சிரித்துவிட்டு உள்ளே போனார். நீ தரையைத் துடைத்தபடி என்னிடம் சொன்னாய்: "சர்ச்சுல குடுக்கற திராட்ச ரசத்தையே ஒதட்டுல தொட்டுட்டு வந்துடுவாருடி. தெருவே அவரக் குடிகாரன்னுது. இப்ப அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு, ஒடம்புல இன்னாவோ கெட்டுப் போச்சுன்னு."

பழைய ட்யூப்லைட்டுகளை உடைத்துக் கண்ணாடியைப் பிரிக்கும் ஷெட்டில் அவருக்கு வேலை. உடைகிற ஒவ்வொரு குழாயிலும் துளி பாதரசம் இருக்கும். அது உடம்பில் ஏறினால் கை நடுங்கும் என்பதும் உனக்கும் எனக்கும் தெரியும். அவருக்கு வேலை கொடுத்தவர் இதையெல்லாம் சொன்னதில்லை. வீட்டில் ஒரு டப்பா மாட்டலாமா என்று நீ அதிகாரியிடம் கேட்டாய். "இது தூரத்துக் காத்துக்கான திட்டம்மா. ஊர்க் காத்து வேற துறை" என்றார். நீ மறுபடி கேட்கவில்லை.

அதற்கடுத்த பயணத்தில் நீ சுத்தக் கை. ஒவ்வொரு முறையும் ஒரு வெற்று டப்பாவைக் குன்றின் மேல் திறந்து உடனே மூடிக் கொண்டுவருவோம், நம் வேலையிலேயே அழுக்கு சேரவில்லை என்று பார்ப்பதற்காக. அதில் ஒன்றும் இருக்கக்கூடாது. அன்று காற்று பலமாக அடித்தது. திறந்த டப்பாவின் மேல் உன் துப்பட்டா பறந்து விழுந்ததை நாம் இருவருமே பெரிதாக நினைக்கவில்லை. முடிவு வந்தபோது வெற்று டப்பாவில் பாதரசம் இருந்தது. அந்தப் பருவத்தின் அளவுகள் எல்லாம் வீண். கூட்டத்தில் ஒருவர், "சுத்தக் கை யாரு அன்னிக்கு?" என்று கேட்டார். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள்.

நீ எழுந்து வெளியே போனாய். அழப் போகிறாய் என்று நினைத்துப் பின்னாலேயே வந்தேன். உன் கண்கள் பளபளத்தன, ஆனால் அது அழுகை இல்லை. "எங்க ஊட்டுக் கொடில இந்தத் துப்பட்டாவும் நைனா வேலச் சட்டையும் பக்கத்துல பக்கத்துல தொங்குதுடி. ஊட்டுல டப்பா மாட்ட மாட்டன்னாங்கல்ல? ஊடே மல மேல ஏறி வந்துடுச்சு பாரு."

மறுநாள் துப்பட்டாவை உறையில் போட்டுக் கொண்டுவந்தாய். ஓரத்தை வெட்டிச் சோதித்தோம். அதில் வந்த பாதரச அளவோடு நைனாவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாய். சிறுநீர்ச் சோதனையும் அதையே சொன்னது. அவர் ஷெட்டை விட்டார். ஒரு பள்ளியில் காவலுக்குச் சேர்ந்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம் நீ அந்த மருத்துவமனைச் சீட்டைக் காட்டிப் பேசிய பேச்சைத் தெரு இன்னும் மறக்கவில்லையாம்.

போன மழைக்காலத்தில் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

துப்பட்டா கிடைத்த மறுநாள் உன் நைனாவுக்குப் போன் செய்தேன். வந்தார். உறையைப் பார்த்தார், கேட்டு வாங்கவில்லை. "அது என் சட்ட அழுக்கு பாப்பா. அவ மேல ஏறிக்கிச்சு. அதனாலதான் போயிட்டாளா?"

"இல்லப்பா. அது கொசுக் காய்ச்சல். இது வேற."

தலையசைத்தார். நம்பியதாகத் தெரியவில்லை. "நாளைக்குக் குன்றுக்குப் போறேன். கூட ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?" என்று கேட்டேன்.

புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். உச்சியில் அவருக்குக் கையுறை மாட்டிவிட்டு, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, தொட்டதும் என்ன சொல்ல வேண்டும் என்று சொன்னேன். கம்பத்தைத் தடவிப் பார்த்தார். "இத்தயா அவ புடிச்சிக்கினு நின்னா?" பிறகு வெளி உறையைப் பிரித்து என் முன் நீட்டினார். எங்கள் இருவர் கண்ணும் அவர் கைக்குப் போனது. மெல்லிய பிளாஸ்டிக், லேசான நடுக்கத்துக்கும் சலசலக்கும். சலசலக்கவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் கையையே நம்பாதவர் போல முதலில், பிறகு நம்பியவர் போல.

"நான் தொட்டுட்டேன் பாப்பா" என்றார். "நீ உள்ளத எடு."

இறங்கும்போது சொன்னேன்: "அடுத்த வாட்டி நான் அழுக்குக் கை. நீங்க சுத்தக் கை."

"அது இன்னா கணக்கு?"

"உங்க பொண்ணோட கணக்குப்பா. மறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."