சேணம் கழற்றிய கழுதை

ஜூன் 3
பழைய நகராட்சி விதிகளைக் கணினியில் ஏற்றும் வேலை. முதல் தொகுதியில் பாதி முடிந்தது. சந்தைக்கு வரும் வாத்துகள் பாலத்தில் இரண்டிரண்டாகத்தான் நடக்க வேண்டுமாம். வாத்துகளுக்கு யார் படித்துச் சொன்னார்களோ.

ஜூன் 5
சாப்பாட்டு நேரத்தில் நாற்பத்தோராம் விதியை நீட்டி முழக்கி வாசித்துக் காட்டினேன்: சேணம் இல்லாமல் பொதுத் தெருவில் நிற்கும் கழுதை உரிமையாளர் அற்றதாகக் கருதப்படும், பிடித்து அகற்றலாம். கோப்பறை அக்காவுக்குச் சிரித்துப் புரையேறியது. "அப்படிப் பாத்தா நம்ம ஆபீஸ்ல பாதிப் பேரைப் புடிக்கணும்டி" என்றாள். மேலாளர் சிரிக்கவில்லை. விதி எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். என் வேலையை மதிக்க ஒருவராவது இருக்கிறாரே என்று குளிர்ந்துபோனேன்.

ஜூன் 9
அலுவலக வாசலில் பூச்செடி விற்பவரின் கழுதையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வெயில் ஏறியதும், முதுகு ஆறட்டும் என்று சேணத்தைக் கழற்றி அதை மர நிழலில் நிறுத்துவார். கழற்றியதுதான் தப்பாம். வழியை அடைக்கிறது என்று மேலாளருக்கு முன்பே அதன்மேல் கடுப்பு. அவருக்கு விதியை எடுத்துக் கொடுத்தது நான்.

ஜூன் 10
செடிக்காரரிடம் சொல்லலாமா? என்னவென்று சொல்வது? பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 17
மூன்றாம் தொகுதி, பன்னிரண்டாம் பக்கம்: நாற்பத்தோராம் விதி நீக்கப்படுகிறது. எழுபது வருடத்துக்கு முன்பே செத்துப்போன விதி! வரிசை மாறாமல்தான் ஏற்றுவேன் என்று பீத்திக்கொண்டேனே — பின்னால் என்ன இருக்குன்னு ஒரு தடவை புரட்டிப் பாக்கத் தோணலையே எனக்கு.

மேலாளர் அறைக்கு ஓடினேன். பிடித்த கழுதையை நகராட்சிப் பட்டியில் ஒரு வாரம்தான் வைப்பார்களாம். நேற்று ஏலம் விட்டாயிற்று. எடுத்தது வெளியூர்ச் செங்கல் சூளைக்காரர் யாரோ. எந்த ஊர் என்று பதிவில்லை. "சரி, இனிமே பாத்துப் போடும்மா" என்றார் மேலாளர். அவ்வளவுதான்.

ஜூன் 18
செடிக்காரர் கூடையைத் தலையில் சுமந்து வந்திருந்தார். பாதிச் செடிகள்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாசித்துச் சிரிக்கவைத்தது நான், நீக்கியதைப் பார்க்காமல் விட்டதும் நான். கத்துவார் என்று நினைத்தேன். ஒரு தொட்டியின் மண்ணை விரலால் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"முழுசாப் படிச்சிருக்கலாமே."

கிளம்பும்போது கூடையைத் தூக்கிவிடக் கை நீட்டினேன்.

"வேணாங்க மேடம்."

இத்தனை நாளும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.